ரொட்டியும் ஓட்டமும்

பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும் நடுவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மலர்விழி அக்கா அப்படி ஓட மாட்டார். பந்து வரப்போகிற இடத்துக்கு முன்னதாகவே போய் நின்றிருப்பார். பிறகு பந்து, அவரைத் தேடி வந்ததுபோல, அங்கே வந்து சேரும். கோட்டோரம் கொடி பிடித்து நிற்கும் துணை நடுவர் நான். ஆட்டத்தைப் பார்க்க வேண்டியவள், பல நேரம் அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அக்காவுக்கு வீடு கிள்ளானில், பண்டமாரான் பக்கம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. கண்டெய்னரைத் திறந்ததும் உள்ளே ஏறி, சாமான்கள் நனையாமல் உடையாமல் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். கணவர் குரு அதே துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். மாமியார் பவுனம்மாள் அவர்களோடு இருக்கிறார். வாரம் முழுக்க இப்படிப் போகும். சனி ஞாயிறு வந்தால் அக்கா கறுப்புச் சட்டை போட்டு, விசிலை மாட்டிக்கொண்டு, கிள்ளானிலோ காஜாங்கிலோ செராஸிலோ ஏதாவது ஒரு திடலில் பெண்கள் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவராக நிற்பார். தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது வெறுங்காலோடு ஓடி எல்லாரையும் முந்திய பெண். கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் ஓட்டம் நின்றுபோயிருந்தது. நடுவர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், யாரிடமும் கேட்காமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். "விசில் ஊத ஆசையில்ல ஜனகா, ஓட ஒரு சாக்கு வேணும் லா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அந்த ஓட்டம்தான் ஒருநாள் அவரைத் தரையில் தள்ளியது.

கிள்ளானில் ஒரு பள்ளித் திடல், அக்கா சொல்லும் 'பாடாங்'. சின்னப் பெண்களின் ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அக்கா உள்ளங்கையைத் தொடையில் வைத்துத் தேய்ப்பதைப் பார்த்தேன். வியர்வையைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை அவர் என் பக்கம் திரும்பியபோது முகம் அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் கோடாகச் சுருங்கியிருந்தன. உதடு தடித்திருந்தது. விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் ஊதவில்லை. மடங்கி விழுந்தார்.

பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ், அதில் இறால் என்றார், செய்தி கேட்டு வந்த குரு. அப்படியென்றால் இறால்தான், இனிமேல் கடல் சாமான் எதுவும் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கிள்ளானில் இருந்துகொண்டு கடல் சாமானைத் தொடாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பவுனம்மாள் வைக்கும் நண்டுக் குழம்பின் வாசனை அடுத்த லோரோங் சந்து வரைக்கும் போகும். மருமகளுக்கு ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த அம்மா நண்டே வாங்கவில்லை. குருவுக்கு உயிரான கணவாயும் வீட்டுக்குள் வரவில்லை. அக்கா மறுபடி ஓடத் தொடங்கினார். மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. எங்களுக்கும் தைரியம் வந்தது.

இரண்டாவது முறை அது வந்தபோது நாங்கள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். என் வீடு அங்கேதான். அங்குள்ள ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு ஆட்டமே இல்லை. நடுவர்களுக்கான கூட்டம் ஒன்று முடிந்து, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து, பரோட்டா போன்ற ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அக்கா இரண்டு, நான் ஒன்று. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு மட்டும். மீன் குழம்பு ஊற்ற வந்தவரை அக்காவே கை நீட்டித் தடுத்தார். பேசிக்கொண்டே நேரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

"ஐயோ, ட்ரெயின்! இத விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் காத்துக்கிட்டு கெடக்கணும்" என்று எழுந்தார் அக்கா.

இருவரும் ஓடினோம். தெருவைக் கடந்து, கே.எல். சென்ட்ரல் நிலையப் படிகளில் ஏறி, கொமுட்டர் ரயில் நடைமேடைக்கு இறங்கினோம். எங்கள் முகத்துக்கு நேரே கதவு மூடியது. ரயில் போய்விட்டது. மூச்சு வாங்க ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தபோதே அக்கா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"ஜனகா, அரிக்குது" என்றார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் என் மடியில் நினைவில்லாமல் கிடந்தார். அந்த ரயிலில் ஏறியிருந்தால் அவர் தனியாகத்தான் போயிருப்பார்.

இந்த முறை இறாலைக் குறை சொல்ல வழியில்லை. பருப்பு என்றார் ஒருவர். எண்ணெய் என்றார் இன்னொருவர். ரொட்டியை யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அக்கா பல்லு முளைத்த நாளிலிருந்து ரொட்டி சாப்பிட்டு வளர்ந்தவர். வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் காலையில் அதுதான். பவுனம்மாள் கண்ணு பட்டுவிட்டது என்று சுற்றிப்போட்டார், அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டார். அக்கா மெலிந்துகொண்டே போனார். எதைச் சாப்பிட்டால் விழுவோம் என்று தெரியாதவருக்கு எல்லாச் சாப்பாடும் பயம்தானே. சோற்றையும் ரசத்தையும் தவிர எதையும் தொடவில்லை. ஆட்டங்களுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

ஆம்புலன்ஸில் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலிருந்து, கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஒவ்வாமைப் பிரிவுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கேதான் அக்கா, குரு, நான் மூவரும் டாக்டர் விஷ்ணுப்ரியாவைப் பார்த்தோம். மெல்லிய குரலில் பேசும் பெண். அவசரமே இல்லாமல் கேள்வி கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லாரையும்போல அவரும் கேட்டார். அதோடு நிற்கவில்லை.

"சாப்பிட்ட பிறகு என்ன செஞ்சீங்க, அக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை.

"ஓடினோம்" என்றார் அக்கா.

"மொத தடவையும்?"

"மீ கோரெங் சாப்பிட்டேன். நேரா பாடாங்குக்குப் போனேன். ஓடுனேன்."

"வீட்ல ரொட்டி சாப்பிட்டா ஒண்ணும் ஆகறதில்ல. சாப்பிட்டு என்ன செய்வீங்க?"

"வேலைக்குப் போவேன். குரு வண்டில கொண்டுபோய் விடுவாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது ரொம்பப் பேருக்கு வர்றதில்ல. ஆனா இருக்கு. கோதுமைய மட்டும் சாப்பிட்டா உடம்பு பேசாம இருக்கும். வெறும் வயித்துல ஓடினாலும் பேசாம இருக்கும். கோதுமை உள்ள இருக்கறப்ப ஓடினாத்தான் சண்டை போடும். மீ கோரெங்ல இறால் இருந்துச்சுன்னு எல்லாரும் இறாலப் பாத்தாங்க. மீயே கோதுமைதானே அக்கா."

குரு நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "எப்படி டாக்டர் அது? உடம்புக்கு இவ ஓடறான்னு எப்படித் தெரியும்?"

"ஓடறப்ப வயித்துல இருந்து சில சத்து சீக்கிரமா ரத்தத்துல கலந்துருதுன்னு சொல்றாங்க. வேற காரணமும் சொல்றாங்க. முழுசா எங்களுக்கே தெரியல, அண்ணே" என்றார் டாக்டர். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த வார்த்தையால்தான்.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கோதுமையில் இருக்கும் ஒரு புரதத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் டாக்டர் அதோடு முடித்துக்கொள்ளவில்லை. "சந்தேகத்த வெச்சுக்கிட்டு ஒருத்தர இனிமே ஓடாதீங்க, சாப்பிடாதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இங்கயே, எங்க கண்ணு முன்னால, கொடுத்துப் பாத்திரலாம். ஊசி, மருந்து, ஆளு எல்லாம் தயாரா இருக்கும். வந்தா அடுத்த நொடி நிறுத்திருவோம்."

அக்காவின் வீட்டுக்குப் போகும் வழியில், நானும் கூட இருந்த காருக்குள் பெரிய சண்டை.

"தெரிஞ்சே கொடுக்கறாங்களா? ரெண்டு தடவ சாவப் பாத்துட்டு வந்துருக்க. மூணாவது தடவ நாமளா போய் அதுகிட்ட கேக்கணுமா?" என்றார் குரு.

"எனக்கு எது ஆகாதுன்னு தெரியணுங்க."

"ரொட்டிய விட்ரு. முடிஞ்சுது. ஓட்டத்தையும் விட்ரு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இறாலையும் இப்படித்தான் விடச் சொன்னாங்க. விட்டேன். அப்புறமும் விழுந்தேன்" என்றார். கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. கிள்ளான் வருவதற்கு முன் குருவே, "நான் கூட வருவேன். ஆனா உள்ள வரமாட்டேன். என்னால பாக்க முடியாது" என்றார்.

முதலில் இறாலுக்கு ஒரு நாள் குறித்தார்கள். எதன்மேல் பழி இருந்ததோ அதை முதலில் தீர்த்துவிடலாம் என்றார் டாக்டர். வீட்டிலிருந்து வெறும் தண்ணீரில் அவித்து எடுத்துவரச் சொன்னார். பவுனம்மாளுக்கு அது தாங்கவில்லை.

"மஞ்சக்கூட போடாம இறாலா? எந்த ஊர்ல செய்வாங்க இப்படி?" என்று புலம்பிக்கொண்டே அவித்துக் கொடுத்தார்.

அந்த அறையில் தாதி ஒருவர், நாங்கள் மிஸ்ஸி என்போம், முதலில் நகக்கண் அளவு ஒரு துண்டை அக்காவிடம் கொடுத்தார். காத்திருந்தோம். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், தோலைப் பார்த்தார்கள், மூச்சைக் கேட்டார்கள். அதைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. மறுபடி காத்திருந்தோம். இப்படியே ஏறி ஏறி, மதியத்துக்குள் அக்கா ஒரு முழுத் தட்டு இறாலைத் தின்று முடித்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. உப்பில்லாத, மஞ்சள் இல்லாத அந்த இறாலை, கண்ணில் தண்ணீர் நிற்க, வால் வரைக்கும் சப்பிச் சாப்பிட்டார். அன்றைக்கே குரு பாசாரில் நண்டு வாங்கிக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த முறை ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒன்றும் இல்லை. இன்னொரு நாள் வெறும் வயிற்றில் டிரெட்மில்லில் ஓட வைத்தார்கள். அக்கா இறங்க மனமில்லாமல் ஓடினார். அன்றைக்கும் ஒன்றும் இல்லை.

மிச்சம் இருந்தது இரண்டையும் சேர்க்கும் நாள். பள்ளி விடுமுறை என்பதால் அன்றும் நான் கூடப் போனேன். குரு சொன்னபடியே வெளியே நடையில் நின்றுகொண்டார். அக்காவின் கையில் முன்கூட்டியே ஊசி குத்தி மருந்துக்கு வழி வைத்தார்கள். மார்பில் வயர்கள். பக்கத்து மேசையில் நிரப்பி வைத்த ஊசி, ஆக்சிஜன், சாய்த்துப் படுக்க வைக்கும் கட்டில். ரொட்டியைச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் இருந்த பிறகு அக்கா டிரெட்மில்லில் ஏறினார்.

ஏறும்போது என்னிடம் குனிந்து, "எனக்கு எது பயம் தெரியுமா?" என்று கேட்டார். "இன்னிக்கும் ஒண்ணும் வராம போயிருச்சுன்னா? அப்புறம் நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

நாற்காலியை மூலையில் போட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஓடினார். திடலில் ஓடுவதுபோலவே, தோள் ஆடாமல், தலை நிமிர்ந்து. ஒரே இடத்தில் நின்றுகொண்டு அவர் ஓடுவது விநோதமாக இருந்தது. டாக்டர் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகத்தைக் கூட்டினார்கள். இயந்திரத்தின் சத்தமும் அக்காவின் காலடியும் தவிர அறையில் வேறு ஒலி இல்லை.

"டாக்டர்" என்றார் அக்கா, ஓடிக்கொண்டே. "உள்ளங்கை."

இயந்திரம் நின்றது. அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தார்கள். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. நான் எழுந்து அருகில் போனேன். காய்ந்த சிமெண்டுத் தரையில் மழையின் முதல் துளிகள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் அவர் கழுத்தில் தடிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு இரண்டும் சேர்ந்து பெரிதாக ஒன்று. தோளுக்கு இறங்கின. இமை கனத்தது. உதடு வெளுத்தது, மூச்சில் விசில் சத்தம் கேட்டது. ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று மிஸ்ஸி மலாயில் சொன்னார். டாக்டர் தொடையில் ஊசியைக் குத்தினார்.

அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்த மனுஷியை இரண்டு முறை வீழ்த்தி, மாதக்கணக்கில் எங்கள் எல்லாரையும் அலைய வைத்த அந்த ஒன்று, எங்கள் கண் முன்னால் வந்தது. வந்து நின்றது. பிறகு திரும்பிப் போகத் தொடங்கியது. முதலில் உதட்டுக்கு நிறம் வந்தது. பிறகு மூச்சின் விசில் சத்தம் அடங்கியது. தோளில் இருந்த தடிப்புகள் ஓரத்தில் இருந்து கரைந்தன. ஒரு துளி மருந்து உடம்புக்குள் போய், எல்லா அறைகளிலும் ஏறி இறங்கி, விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருவதுபோல இருந்தது. நான் கணக்கு வாத்தியார். கோயிலில்கூட எனக்குச் சட்டென்று கை கூப்ப வராது. அன்றைக்கு என் கை தானாகக் கூம்பியிருந்ததை மிஸ்ஸி பார்த்துச் சிரித்த பிறகுதான் கவனித்தேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். வீங்கிய முகத்தோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வந்துருச்சு! ஜனகா, வந்துருச்சு லா!"

அழுதுகொண்டே அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தேர்வில் தேறிய பிள்ளைபோல இருந்தது அந்தக் குரல். டாக்டர் விஷ்ணுப்ரியா அவர் நெற்றியில் கை வைத்தார். அவருடைய கண்களும் ஈரமாகத்தான் இருந்தன.

நான் வெளியே போய்க் குருவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றவர் உள்ளே ஓடி வந்தார். அக்காவின் தோளில் மிச்சம் இருந்த தடிப்புகளுக்கு மேலே, தொடாமல், தன் கையை நீட்டிப் பிடித்தபடி நின்றார்.

"போயிட்டே இருக்கு" என்றார் மெதுவாக. "ஏ மலரு, இங்க பாரேன், போயிட்டே இருக்கு!" பெரிய மனிதர், குழந்தைபோல ஒவ்வொரு தடிப்பாகக் காட்டிக் காட்டிச் சொன்னார். கடைசித் தடிப்பு மறையும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

திரும்ப வந்தாலும் வரலாம் என்று வார்டில் வைத்திருந்து, மறுநாள்தான் வீட்டுக்கு விட்டார்கள். போகும் முன் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். ஓடும் நாளில் ஓடி முடிக்கும் வரைக்கும் கோதுமை வேண்டாம், சோறு சாப்பிடுங்கள். ரொட்டி சாப்பிட்டுவிட்டால் பாதி நாளுக்கு ஓட்டமும் வேண்டாம், பாரம் தூக்குவதும் வேண்டாம். சில வலி மாத்திரைகளும் இதைத் தூண்டிவிடும், கேட்காமல் போடாதீர்கள். இது வந்தால் உடனே குத்திக்கொள்ளும் ஊசிப் பேனா எப்போதும் கூடவே இருக்க வேண்டும். தனியாக ஓடக்கூடாது, கூட இருப்பவருக்கு ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப ஓடலாமா?" என்று கேட்டார் அக்கா. மற்றது எதுவும் அவர் காதில் ஏறவில்லையோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஓடலாம், அக்கா."

அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பத்தெட்டு வருஷமா இதுக்குள்ளதான் இருக்கேன் டாக்டர். இப்படி ஒண்ணு இதுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். கோபமோ வருத்தமோ அதில் இல்லை. புதிதாக யாரோடோ அறிமுகமானதுபோல இருந்தது.

விழுந்த பிறகு அவருடைய நடுவர் தகுதி காலாவதியாகியிருந்தது. மறுபடியும் ஓட்டத் தேர்வு கொடுக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து, செராஸில் ஒரு அரங்கத்தில் அது நடந்தது. அக்காவின் வயதில் பாதி இருக்கும் பெண்கள் வந்திருந்தார்கள். அக்கா காலையில் தன் மாமியார் கையால் சோறு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். ஊசிப் பேனா குருவின் சட்டைப் பையில். அதை எப்படிக் குத்துவது என்று, பழகுவதற்குத் தரும் மருந்தில்லாத பேனாவை வைத்து வீட்டில் தலையணையைக் குத்திக் குத்திப் படித்திருக்கிறார் மனிதர்.

ஓடுபவர்களைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குருவும் நானும் வேலிக்கு வெளியே நின்றோம். விசில் ஊதியதும் அக்கா ஓடத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து, வேலிக்கு இந்தப் பக்கம், குருவும் ஓடினார். ஸ்லிப்பர் போட்ட கால், முன்னால் தள்ளிய வயிறு, ஒரு கை சட்டைப் பையை அழுத்திப் பிடித்தபடி. அக்கா வளைந்தால் அவரும் வளைந்தார். மரம் குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு ஓடினார். இரண்டாவது சுற்றில் ஒரு ஸ்லிப்பர் கழன்று விழுந்தது. எடுக்கவில்லை. உள்ளே இருந்த இளம் பெண்கள் சிரித்துக் கைதட்டினார்கள். "அங்கிள், லாரி! லாரி!" என்று, 'ஓடுங்கள்' எனும் பொருளில் மலாயில் கூவி உற்சாகப்படுத்தினார்கள்.

மூன்றாவது சுற்றில் குருவால் முடியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்கா அவரைக் கடந்து போகும்போது உள்ளங்கைகள் இரண்டையும் விரித்து அவர் பக்கம் காட்டினார். சிவப்போ தடிப்போ இல்லாமல் சுத்தமாக இருந்தன. குரு தலையை ஆட்டினார். அக்கா தலை நிமிர்ந்து, தோள் ஆடாமல், அடுத்த சுற்றுக்குப் போனார்.